ஓடக்கூடாத ஃபேன்

"கை எப்படி இருந்தா எனக்கென்னம்மா? மோட்டார் காயிலைச் சுத்தமாச் சுத்துறா. அது போதும். வேலைக்கு அனுப்புங்க" என்றார் மோட்டார் கடைக்காரர்.

அம்மா சந்தோஷத்தில் அவரைக் கும்பிட்டபடி நின்றாள். அவளுக்கும் சேர்த்து மகளே பேசினாள்.

"எப்பண்ணே வரணும்? இப்பவே உக்காரட்டுமா?"

"பொறு திருகாணி. ஒரு சின்ன விஷயம் இருக்கு."

திருகாணி என்பது தாய்மாமன் வைத்த பெயர். தவழும் வயதில் அவருடைய ரிப்பேர் மேஜைக்கு அடியில் புகுந்து, கீழே விழுந்த திருகாணிகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாள். பிறந்ததிலிருந்தே அவளுடைய இடது கை விரல்கள் மூடியபடி இருந்தன. இடது காலும் கொஞ்சம் இழுக்கும். மூடிய கையையே இடுக்கி மாதிரி வைத்துக்கொண்டு, மாமனோடு உட்கார்ந்து ஃபேன் பிரிக்கவும் பூட்டவும், உள்ளே செம்புக் கம்பி சுற்றவும் பழகிவிட்டாள். மாமன் கப்பல் வேலைக்குப் போன பிறகு தெருவிலுள்ள ஃபேன்கள் அவளைத் தேடி வந்தன. ஆனால் தெருக்காரர்கள் ஓட ஆரம்பித்த ஃபேனை வாங்கிக்கொண்டு, காசுக்குப் பதிலாக "நல்லா இரும்மா" என்று வாழ்த்திவிட்டு எடுத்துப் போவார்கள். மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தால்தான், வங்கியில் தரை துடைக்கும் அம்மா வீங்கிய முட்டியோடு அந்த மாடிப்படிகளில் ஏறுவதை நிறுத்த முடியும்.

"ஆஸ்பத்திரி ஃபேனெல்லாம் இனிமே நம்ம கடைக்குத்தான் வரப்போகுது" என்றார் கடைக்காரர். "ஆனா தொடுறவங்க எல்லார்கிட்டயும் பயிற்சிச் சான்றிதழ் இருக்கணுமாம். உன்னை மாதிரி பிள்ளைங்களுக்குன்னே ஒரு மையம் இருக்காமே, அங்க போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடு."

"தெரிஞ்ச வேலைக்கு எதுக்குண்ணே சான்றிதழ்?"

"தெரிஞ்சவங்கதாம்மா காட்டணும். தெரியாதவங்க அதுல கையெழுத்துப் போடுறாங்க." அவர் மேஜைக்கு முன்னாலிருந்த ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "வெயில் ஆரம்பிக்கிற வரைக்கும் இதுல யாரையும் உக்கார வைக்க மாட்டேன். வெயில் வந்துட்டா எனக்கு வேற வழியில்ல. புரியுதா?"

புரிந்தது.

மையத்தின் பெயர்ப்பலகை மையத்தைவிடப் பெரியது. வாசலில் சக்கர நாற்காலிகள் ஏறுவதற்கென்று சாய்தளம் கட்டி, அதன்மேல் பூத்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பார்க்க மிகவும் அழகாக இருந்தது. சக்கர நாற்காலிக்காரர்கள் சமையலறை வழியாக வந்தார்கள். உள்ளே சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகப் புகைப்படங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றின்கீழ் 'முன்', மற்றொன்றின்கீழ் 'பின்'. முன்னில் பிள்ளைகள் அழுதார்கள். பின்னில் யாராவது ஒரு பெரிய மனிதர் சிரித்தார்.

மதிப்பீட்டாளர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "பொண்ணுக்குப் பேச்சு வருமா?"

"ஆரம்பிக்க வரும் சார். நிறுத்தத்தான் வராது."

"சொன்னாப் புரியுமா?"

"புரியுது சார், புரியுது" என்றாள் திருகாணி. "நீங்க என்னைப் பாத்தே கேக்கலாம்."

அவர் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மேஜைமேல் இருந்த ஃபேன் ஒன்றைக் காட்டினார். அதில் கொடையாளியின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பளபளத்தது. அந்த ஃபேன் மையத்துக்கு வந்த நாளிலிருந்து ஓடியதில்லை. ஓடியிருந்தால் கொடையாளி ஏன் கொடுக்கப்போகிறார்?

"இதைப் பிரிச்சுப் பாரு. முடியலைன்னா வருத்தப்படாத. முடியலைன்னு எழுதத்தான் நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அறையில் காகிதங்கள் பறந்துகொண்டிருந்தன. அம்மா ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு... யாரு இதை ஓட விட்டது?"

"நான்தான் சார். கண்டென்சர் போயிருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. என் பையில ஒண்ணு கிடந்துது, மாட்டிட்டேன்."

"ஐயோ, நிறுத்து! முதல்ல நிறுத்து!"

சத்தம் கேட்டு மின்சாதனப் பிரிவின் பயிற்றுநர் ஓடிவந்தார். சுற்றுகிற இறக்கைகளைப் பார்த்ததும், வீட்டில் எழவு விழுந்தவர் மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு! என் வகுப்பே போச்சு! 'ஃபேன் ஏன் ஓடவில்லை'ங்கிறதுதானேம்மா வருஷம் முழுக்கப் பாடம்? இனிமே நான் எதை நடத்துறது?"

"ஃபேன் ஏன் ஓடுதுன்னு நடத்துங்க சார்."

"அது பாடத்திட்டத்துல இல்ல."

பயிற்சிக் கருவிக்குச் சேதம் விளைவித்த குற்றத்துக்காகத் தாயும் மகளும் இயக்குநர் அம்மையாரின் அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அறை ஏசியில் குளிர்ந்திருந்தது. இயக்குநர் அம்மையார் எப்போதும் மேடைத் தமிழில்தான் பேசுவார். தும்மினால்கூட அவையோரை வணங்கிவிட்டுத்தான் தும்முவார் என்று பியூன் சொல்வதுண்டு.

"அன்புத் தாயே" என்று ஆரம்பித்தார். "திறமைக்குச் சான்றிதழ் தருவதற்கு நாங்கள் எதற்கு? திறமை யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். அது எங்கள் சாதனை ஆகாது. நாங்கள் சான்றிதழ் தருவது முன்னேற்றத்துக்கு. வந்த அன்று எங்கே நின்றாள், போகிற அன்று எங்கே நிற்கிறாள், அந்த இடைவெளிதான் எங்கள் சேவை. உங்கள் மகளோ வந்த அன்றே மேலே நிற்கிறாள். மேலே நிற்பவளை நாங்கள் எங்கிருந்து தூக்குவது? எங்கள் கைகளைக் கட்டிப் போட்டுவிட்டாளே!"

அம்மாவுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதிக்குத் தனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னாள்.

"அப்ப கொஞ்சம் கீழ இறக்கிட்டுத் தூக்குங்க மேடம்."

இயக்குநர் மதிப்பீட்டாளரைப் பார்த்தார். மதிப்பீட்டாளர் பயிற்றுநரைப் பார்த்தார். இத்தனை வருடமாக இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று மூவர் முகத்திலும் இருந்தது.

"ஏழைத் தாயின் இதயத்திலிருந்து எழுந்த சொல்" என்றார் இயக்குநர். "மறுமதிப்பீடு செய்வோம். விழா வருகிறதல்லவா, காலையில் 'முன்', மாலையில் 'பின்'. சிறப்பு விருந்தினர் முன்னிலையிலேயே செய்துவிடுவோம். அன்றே சான்றிதழ்."

"வெயிலுக்கு முன்னாடி விழா வந்துடுமா மேடம்?" என்று கேட்டாள் திருகாணி.

"வெயிலில் விருந்தினர்கள் வரமாட்டார்கள் குழந்தாய். அதற்கு முன்தான்."

இதற்குள் இன்னொரு சிக்கல் எழுந்தது. ஓடிவிட்ட ஃபேனை மறுபடி ஓடாததாக்க வேண்டும். பயிற்றுநர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கெடுக்கத் தெரியாதா சார்?"

"நான் எதையும் கெடுத்ததில்லைம்மா. எதையும் தொட்டதே இல்ல. என் சர்வீஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது."

கடைசியில் அவளே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தான் மாட்டிய கண்டென்சரைக் கழற்றிக் கொடுத்தாள். ஃபேன் பழையபடி பயனுள்ளதாயிற்று.

"கண்டென்சரைக் குடுத்துடுங்க சார், அது என்னோடது."

"மையத்து ஃபேன்ல இருந்து கழட்டினது உன்னோடதா?" என்று அவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

விழா வரையில் அவளை மெழுகுவர்த்திப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஒருவர் மெழுகை உருக்குவார், ஒருவர் அச்சில் ஊற்றுவார், ஒருவர் அடுக்குவார். அடுக்கி முடித்ததும் உருக்குகிறவர் அதை வாங்கி மறுபடி உருக்குவார்.

"இதை விக்கிறதில்லையா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள்.

"வித்துட்டா நாளைக்கு எதை உருக்குறது?" என்றார் அவர். சக்கர நாற்காலியில் இருந்தார். எல்லோரும் அவரை சீனியர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நீங்க வந்து எவ்வளவு நாளாச்சு?"

"வந்தப்ப எனக்கு மீசை வரல. இப்ப நரைக்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா இவங்க கணக்குல நான் இன்னும் இளைஞர்தான். காகிதப் பை முடிச்சேன், மெழுகுவர்த்தி முடிச்சேன், மெழுகுவர்த்தி மேல்நிலை முடிச்சேன்."

"மேல்நிலைன்னா?"

"கலர்."

திருகாணி வாய்விட்டுச் சிரித்தாள். சீனியரும் சிரித்தார்.

"சிரிச்சுக்க. விழா அன்னைக்கு மட்டும் சிரிச்சிடாத. 'முன்'ல சிரிச்சா எல்லாம் கெட்டுடும். உனக்கு நடுங்கக் கத்துக்குடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருக்கு."

ஒத்திகையைப் பயிற்றுநர் மேற்பார்வையிட்டார்.

"கை நடுங்கணும்மா. பாக்குறவங்களுக்கு மனசு உருகணும்."

"என் கை நடுங்காது சார். மூடித்தான் இருக்கும்."

"மூடியிருக்கிறது தூரத்துல இருந்து தெரியாது. கேமரா கடைசி வரிசைக்குப் பின்னால நிக்கும். வலது கையும் சேர்ந்து நடுங்கட்டும்."

"அது என் நல்ல கையாச்சே!"

"ஒரு நாளைக்குத்தானே? அப்புறம் நீயே வச்சுக்க."

சீனியர் செய்து காட்டினார். முழங்கையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, விரல் நுனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை உடனே போட்டுவிடக் கூடாது. பிடித்துக்கொள்ளப் பார்த்து, பார்த்து, பிறகு நழுவ விட வேண்டும். விழுந்ததும் விருந்தினரைப் பார்க்க வேண்டும், ஆனால் நேராகப் பார்க்கக் கூடாது. பல வருடப் பயிற்சி அதில் தெரிந்தது. மையத்தில் உண்மையாகவே கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரே தொழில் அதுதான்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அவள் பழகிப் பார்த்தாள். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு? உருகுதா?"

"நிறுத்துடி."

"ஏன், நல்லா வரலையா?"

"நல்லாத்தான் வருது. அதான் நிறுத்துன்னு சொல்றேன்." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உனக்கு இந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் நீ குழந்தையா இருந்தப்ப தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஓடினேன். அந்த இயக்குநர்கிட்ட நான் ஏதோ விளையாட்டாச் சொல்லப்போய்..."

"விடும்மா. ஒரு நாள் கூத்துதானே? காலையில நடுங்கிட்டு சாயங்காலம் சான்றிதழோட வந்துடுவேன். அடுத்த வாரம் நீ வேலைக்கு நின்னுடு."

விழா நாளில் பூத்தொட்டிகளின் எண்ணிக்கை கூடியது. சக்கர நாற்காலிக்காரர்கள் சமையலறையிலேயே காத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய தொழிலதிபர். அவருக்கு உதவியாளர் ஒருவர், உதவியாளருக்குக் கைக்கடிகாரம் ஒன்று. விருந்தினர் வாயைத் திறக்கும்போதெல்லாம் உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

திருகாணியை மேடையில் ஃபேனுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். 'முன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். அவள் நடுங்கினாள். ஸ்க்ரூடிரைவர் நழுவி உருண்டு போய் விருந்தினரின் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேமராக்கள் மின்னின. கடைசி வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது உதவியாளர் இயக்குநரின் காதில் சொன்னார்: "ஐயா இன்னும் கால் மணி நேரத்துல கிளம்பணும் மேடம். மத்தியானம் வேற விழா."

"மாலையில் 'பின்' இருக்கிறதே!"

"சாயங்காலம் ஐயா இங்க இருக்க மாட்டார்."

படம் எடுக்கிறவர் எகிறினார். "பின் இல்லாம முன்னை மட்டும் வச்சு நான் என்ன பண்றது மேடம்? ஐயா இருக்கிற பின் வேணும்."

இயக்குநர் அம்மையார் பல விழாக்களைக் கண்டவர். சட்டென்று மைக்கைப் பிடித்தார். "அவையோரே! நமது சிறப்பு விருந்தினரின் திருக்கரம் படட்டும் இந்த ஃபேனில்!"

பீரோ திறக்கப்பட்டது. கண்டென்சர் வந்தது. விருந்தினர் அதை வாங்கி, இதைத் தின்பதா முகர்வதா என்பதுபோல் பார்த்தார். மேடையில் அவருக்கு அருகில் இருந்தவள் திருகாணி ஒருத்திதான்.

"இங்க வைங்க சார்... அந்த ரெண்டு ஒயரையும் முறுக்குங்க... சார், அது உங்க கண்ணாடிக் கயிறு."

முறுக்கி முடித்து அவர் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் ஓடியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. விருந்தினர் மைக்கை வாங்கிப் பேசினார்.

"நண்பர்களே, என் வாழ்நாளில் நான் ஒரு ஸ்க்ரூகூடத் தொட்டதில்லை. பேனா மூடி கழண்டால்கூட ஆள் வந்துதான் மாட்டுவான். அப்படிப்பட்ட நான், இந்த மையத்தில் கால் வைத்த சில நிமிடங்களில் ஒரு ஃபேனையே ஓட வைத்துவிட்டேன் என்றால், இவர்கள் தரும் பயிற்சியை என்னவென்று சொல்வது! இந்தக் குழந்தையின் நடுங்கும் கைகளைப் பார்த்தேன். என் கைகள் எவ்வளவு உறுதியானவை என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காக அவளுக்கு நன்றி."

மதிப்பீட்டாளர் மேடையோரத்தில் கணக்குப் போட்டார். ஒன்றுமே தெரியாத நிலை, ஓட வைத்த நிலை. மையத்தின் வரலாற்றிலேயே இப்படியொரு முன்னேற்றம் பதிவானதில்லை. விதிப்படி வேறு வழியே இல்லை. அந்த ஆண்டு மின்சாதனப் பிரிவுக்கான சான்றிதழ் சிறப்பு விருந்தினருக்கு வழங்கப்பட்டது. அவர் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். அதுதான் 'பின்'.

கார் கிளம்பியது. நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். கழுத்து அட்டையோடு திருகாணி இயக்குநரிடம் போனாள்.

"மேடம், எனக்கு?"

"உனக்கு 'முன்' சிறப்பாக முடிந்தது குழந்தாய். அவையே கண் கலங்கியது. 'பின்' அடுத்த ஆண்டு."

"அதுக்குள்ள வெயில் வந்துடும் மேடம்!"

"வரட்டுமே" என்றார் இயக்குநர் கனிவோடு. "அதுதான் ஃபேன் ஓடுகிறதே."

மறுநாள் மோட்டார் கடைக்காரர் பேப்பரை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு படங்களும் அருகருகே வந்திருந்தன. முன்னில் அவள். பின்னில் தொழிலதிபர்.

"என்னம்மா இது?"

"நடிச்சேண்ணே. நடுங்கினாத்தான் குடுப்பேன்னாங்க."

"குடுத்தாங்களா?"

"அவருக்குக் குடுத்துட்டாங்க."

கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். "அப்ப அவரை வரச் சொல்லு. சீலிங் ஃபேன் நிறைய வந்து கிடக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து காலையிலயே ஃபோன் வந்துடுச்சு திருகாணி. 'நீங்க சேக்கப்போறேன்னு சொன்ன பொண்ணு இதுதானே'ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், நல்லா வேலை செய்வாள்னு. அதுக்கு அவங்க, 'பேப்பர்லயே போட்டிருக்காங்க, நீங்க என்ன பெரிசாச் சொல்றீங்க'ங்கறாங்க. படுத்திருக்கிற நோயாளி தலைக்கு மேல சுத்துற ஃபேன்மா அது. நடிச்ச கைதான்னு நான் யாருகிட்ட நிரூபிக்கிறது?"

"இங்கேயே ஒண்ணு பிரிச்சுக் காட்டுறேன். அவங்களை வந்து பாக்கச் சொல்லுங்க."

"வந்து பாக்குற ஆளுங்களா இருந்தா உன்னை எதுக்கு சான்றிதழ் வாங்க அனுப்பப்போறேன்?"

ஃபோன் வந்த கையோடு ஸ்டூலில் புது ஆள் ஒருவனைக் கடைக்காரர் உட்கார வைத்திருந்தார். வேறு ஏதோ இடத்துச் சான்றிதழ் அவன் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. நல்ல பிள்ளை. அவளுடைய காலையும் கையையும் பார்த்ததும், பஸ்ஸில் எழுந்து இடம் விடுவதுபோலச் சட்டென்று எழுந்தான்.

"உக்காருங்கக்கா. நிக்காதீங்க."

ஆகவே அந்த ஸ்டூலில் அவள் உட்காராமல் போகவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். பிறகு எழுந்து வந்துவிட்டாள்.

சில நாள் கழித்து மதிப்பீட்டாளரே வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக அவளைப் பார்த்தே பேசினார்.

"வாழ்த்துகள்மா. போன தடவை உன்னைச் சேக்க முடியாமப் போச்சு. இப்ப அந்தப் பிரச்சினை இல்ல. உனக்கு ஒண்ணும் முடியாதுன்னு ஊரே பாத்துடுச்சு. இதைவிட நல்ல ஆரம்பம் யாருக்கும் கிடைக்காது. திங்கக்கிழமை வந்துடு."

அவர் போன பிறகு அம்மா வேலைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினாள். குனிய முடியவில்லை. திருகாணி உட்கார்ந்து வாரைப் போட்டுவிட்டாள்.

"போகாதடி. நான் இன்னும் கொஞ்ச நாள் ஏறிக்குவேன்."

"எத்தனை படிம்மா ஏறுவ?" திருகாணி வாரை இறுக்கினாள். "வெயில் அடுத்த வருஷமும் வரும்ல?"

திங்கட்கிழமை மெழுகு உருகும் வாடை கூடம் முழுக்கப் பரவியிருந்தது. அவளைப் பார்த்ததும் சீனியர் சக்கர நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டார். போன தடவை தற்காலிகமாக உட்காரவைத்த பலகையில் இப்போது வேறொரு பெண் இருந்தாள்.

"நிரந்தரமா வந்துட்டியா? அப்ப உனக்குன்னு ஓர் இடம் பாத்துக்க. ஜன்னல் பக்கம் வேணுமா, சுவர்ப் பக்கம் வேணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் மாத்தமாட்டாங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"கதவுப் பக்கம்" என்றாள்.

"வந்த புதுசுல எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க" என்றார் சீனியர்.